கரி போட இறங்கிய ஒன்பது பேர்

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. நாலாம் வகுப்புவரைதான் படிப்பு. முன்னே நடந்ததைப் பின்னே எழுதிவிடுவேன். மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

விமானம் வருகிறது. இரண்டு. தையல் மிஷினை வேகமாக மிதிக்கிற மாதிரி சத்தம். சுடுகிறான். தகரம் பொத்தலாகிறது. கப்பலின் மேல்தட்டில் ஜனம் ஒருவர்மேல் ஒருவர் விழுகிறது. "குனி! தலயக் குனி!" அப்பா என்னை ஒரு இரும்புப் பெட்டிக்குப் பின்னால் தள்ளுகிறார்.

ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடிக்க வந்த வருஷம். விபூதிப் புதன் கழிந்த வெள்ளிக்கிழமை. காலைக் கஞ்சி நேரம். எனக்கு ஆறு வயது. அம்மா, நான், கைக்குழந்தையாகத் தம்பி. மதராஸுக்குப் போகிற சரக்குக் கப்பல். அப்பா ஆரோக்கியம் அதில் கரி போடுகிறவர். பாய்லர் அடித்தட்டில் இருந்தது. அப்பா வேலை செய்த கப்பல் என்பதால்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது.

முதல் குண்டு தண்ணீரில் விழுந்தது. கப்பல் சாய்ந்து நிமிர்ந்தது. சாரங்கு கத்தினார். கப்பல் ஆட்களுக்கு அவர்தான் மேஸ்திரி. "கரி ஆளெல்லாம் கீழ எறங்கு! கப்பல் நின்னா எல்லாரும் செத்தோம்!" அது அப்பாவின் முறை இல்லை. வேலை முடித்து வந்து கஞ்சிக்கு நின்றவர். தட்டை என் கையில் கொடுத்தார். ஏணியில் இறங்கினார். அவரையும் சேர்த்து ஒன்பது பேர். எண்ணினேன்.

இரண்டாவது குண்டு. சத்தம் காதில் விழவில்லை. பல்லில் தெரிந்தது. ஏணி வாயிலிலிருந்து புகை வரவில்லை. வெள்ளையாக, பாய்லர் ஆவி வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒருவரும் ஏறி வரவில்லை. அம்மா தம்பியோடு படகுப் பக்கம் இருந்தாள். அவள் பார்க்கவில்லை. யாரோ என் முடியைப் பிடித்து இழுத்துப் படகில் போட்டார்கள். மத்தியானம் வேறொரு கப்பல் எங்களை ஏற்றிக்கொண்டது.

பெங்களூரில் மாமா வீட்டுக்கு வந்தோம். அப்பாவை இன்னொரு படகு ஏற்றியிருக்கும் என்றாள் அம்மா. ஆவியைப் பற்றி ஒரே ஒரு முறை சொன்னேன். என் வாயைப் பொத்தினாள். அவள் தாலியைக் கழற்றவில்லை. கல்லறைத் திருநாளுக்குப் போகவில்லை. வருஷா வருஷம் கோவிலில் அப்பா பெயரில் பூசைக் கருத்து கொடுப்பாள்; இன்னாருக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று சாமியாருக்குச் சீட்டு. செத்தவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி ஆன்ம இளைப்பாற்றிக்கு அல்ல. சுகமாகத் திரும்பி வர. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. நான் எழுதக் கற்ற நாளிலிருந்து சீட்டு எழுதியது நான்தான். கோவில் நோட்டில் அப்படியே ஏறியது. அம்மா சாகும்வரை. எனக்கு உண்மை தெரியும். தெரிந்தும் எழுதினேன்.

பட்டாளத்தில் செத்தவர்களுக்குக் கல் உண்டு. பெயர் உண்டு. சரக்குக் கப்பலில் செத்தவர்களையும் அந்தப் பெயர்ப் பட்டியலில் சேர்க்க மனு கொடுக்கலாம் என்று மருமகள் ஸ்டெல்லா கேள்விப்பட்டு வந்தாள். பெங்களூரில் எங்கள் விவேக் நகர் வீட்டிலிருந்து ஆட்டோவில் மூன்று தடவை அதற்கான ஆபீசுக்குப் போனோம். முதலில் கப்பல் பெயர் கேட்டார்கள். தெரியாது. அடுத்து இறப்புச் சான்றிதழ். இல்லை. கோவில் நோட்டில் ஏதாவது இருந்தால் நகல் கொண்டுவரச் சொன்னார்கள். நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

கிளார்க் கன்னடக்காரர். தமிழ் வாசிக்க வரும். விரல் வைத்துப் படித்தார்.

"அஜ்ஜி, இதுல ஒங்க அப்பா உயிரோட இருக்காரே."

"அவருக்கு இப்ப நூத்திப் பதினஞ்சு வயசு ஆகணும் சார். எங்க இருக்காருன்னு நீங்களே தேடிக் குடுங்க," என்றாள் ஸ்டெல்லா. பக்கத்து மேஜையில் சிரித்தார்கள்.

"ஸ்வல்ப இருங்க மேடம். செத்தாரு, சரி. சண்டையில செத்தாருன்னு எங்க இருக்கு? திரும்பி வந்து வீட்டுல செத்திருக்கலாமே."

நான் பார்த்தேன் என்றேன். மறுபடி சொன்னேன். ஆறு வயசுப் பிள்ளை, அதுவும் சொந்த மகள், சாட்சியாக முடியுமா என்றார். கோபமாகக் கேட்கவில்லை. இதெல்லாம் யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார். நான் என்றேன். மனுவைத் திருப்பிக் கொடுத்தார். டீ சொல்லட்டுமா என்றார்.

போனது இவ்வளவு. கரி போட இறங்கியவர்கள் ஒன்பது பேர். அப்பா ஆரோக்கியம். அவர் கூட்டாளி மஸ்தான். கையில் இரண்டு விரல் இல்லாத ஒருவர். மற்ற ஆறு பேரின் பெயர் தெரியாது. தம்பி, பெங்களூர் வந்த எட்டாம் நாள், பேதியில். ஒரு தகரப்பெட்டி. அப்பாவின் போட்டோ அதில்தான் இருந்தது.

உங்கள் வீட்டில் அந்தக் கப்பலில் போய்த் திரும்பாதவர் யாராவது உண்டா? கப்பல் பெயர் தெரிந்தால் சொல்லுங்கள். நான் எண்ணியது ஒன்பது. கூட்டத்தில் யாரையாவது விட்டிருப்பேன். தெரிந்தவர்கள் சரிபார்க்க வேண்டும்.