விவாகரத்துச் செலவில் ஒரு மோதிரம்

ஆரப்பாளையம் பேருந்தில், கோர்ட்டு நிறுத்தத்தில் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்த பெண் கணவனிடம் சொன்னாள்: "டைவர்ஸுக்கு ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல் வச்சது நல்லதாப் போச்சு. இல்லாட்டி எம்புட்டு ஆகியிருக்கும்!"

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"பீஸ் கெடக்கட்டும்," என்றான் அவன். "நம்ம கல்யாணத்துல உங்க சித்தப்பா எனக்கு மோதிரம் போட்டாருல்ல? அவுக வீட்டுக் காதுகுத்துக்கு நான் திருப்பிச் செய்யணுமே."

"நாமதான் பிரியப் போறோமே. என்ன மொறை சொல்லி மொய் எழுதுவீக?"

அவன் சன்னலுக்கு வெளியே பார்த்தான். "உன் பேரைச் சொல்லி எழுதிட்டு, சாப்பிடாமக் கெளம்பிருவேன்."

ஆரப்பாளையத்தில் இறங்க எழுந்தபோதுதான் அவள் சொன்னாள்.

"சாப்பிடாமல்லாம் போகக் கூடாது. பந்தியில எம் பக்கத்துல எடம் பிடிச்சு வைக்கிறேன்."