பூஜை போட்ட கார்

“எலுமிச்சம்பழத்த நசுக்கிட்டா எஞ்சின் பெல்ட்டு புதுசாயிருமா?”

கண்டியிலிருந்து ஹேவாஹெட்ட போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் கணவரைக் கேட்டாள். அவர் பையில் கிடந்த, கராஜில் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு அவள் கையில் இருந்தது.

“மெதுவா பேசு.”

“பெல்ட்டு மாத்துற கெடு தாண்டி ரெண்டு வருசமாச்சு, மாத்தாம ஓட்ட வேணாம்னு எழுதியிருக்கு. பூஜைக்கு முந்தியே தெரியுமா?”

“தெரியும். பழசுன்னாலும் ஜெர்மன் காரு. தோட்டத்து லயத்துல எல்லாரும் பாக்கக் காத்துக்கிட்டு இருக்காங்க. இன்னைக்குப் போய்ச் சேராட்டி மானம் போயிரும்.”

“அத ஓட்டிக்கிட்டுப் போறது என் தம்பி. அவனுக்குத் தெரியுமா?”

“சொன்னா ஓட்டமாட்டான்.”

“டவுன்ல வேல இருக்குன்னு என்னையும் கூட்டிக்கிட்டு காருல இருந்து எறங்குனீங்களே, என்ன வேல பார்த்தோம்?”

பஸ் வளைவில் சாய்ந்தது. அவள் தம்பிக்குப் போன் போட்டாள். மூன்றாவது முறைதான் தம்பி பேசினான்.

“தம்பி, காரை அப்பிடியே ஓரமா நிப்பாட்டிட்டு எறங்கிரு. மிச்சத் தூரத்த மச்சானே வந்து ஓட்டுவாரு.”