ஞானசிகாமணி அண்ணாச்சியின் பர்மா தேக்கு

ஒரு குட்டிக் கதை சொல்றேன், கேளுங்க... பின் வரிசையில கண் அசந்தவங்கள எழுப்பாதீங்க, கதை அவங்களப் பத்தினது இல்ல. இது நம்ம ஊருலயும் நடக்கல... பக்கத்து ஊரு. நிம்மதியா சிரிக்கலாம்.

அங்க ஞானசிகாமணி அண்ணாச்சின்னு ஒருத்தர். புது வீடு கட்டினாரு. அந்த ஊரு சர்ச்சுல சபைச் செயலாளர் தேர்தல்லயும் நின்னாரு. அந்தப் பதவின்னா அவருக்கு உசுரு!

வாசக்கதவு செஞ்சது இசக்கிமுத்து ஆசாரி. மரம் என்ன தெரியுமா? பைன். நகத்தால கீறினாலே தடம் விழுற மரம்.

ஆசாரி சொன்னாரு: "அண்ணாச்சி, இது இளமரம். வெயிலும் மழையும் நேரா அடிக்கிற இடம். வெளிக்கதவுக்குன்னே உள்ள பெயின்ட்டா வாங்குங்க. மாட்டுறதுக்கு முன்னால கீழ் விளிம்புலயும் அடிச்சிரணும். அது வழியாத்தான் தண்ணி ஏறும்."

அண்ணாச்சிக்கு வந்ததே கோவம்! "பெயின்ட் அடிச்சா மரம் தெரியுமாவே? பாக்கிறவன் தேக்குன்னு சொல்லணும். கீழ் விளிம்ப எவன் படுத்துக் கெடந்து பாக்கப் போறான்?"

என்ன செஞ்சாரு? தேக்குக் கலர் பூசி, மேல வார்னிஷ். அதுவும் எந்த வார்னிஷ்? வீட்டுக்குள்ள ஷோகேஸுக்கு அடிக்கிறது! தெருவப் பாத்த பக்கம் மூணு கோட்டு... உள்பக்கம் ஒண்ணு... கீழ் விளிம்புக்கு? ஒண்ணுமே இல்ல!

வீட்டுப் பிரதிஷ்டைக்கு வந்தவங்க கதவத் தடவித் தடவிப் பாக்காங்க. "தேக்கா அண்ணாச்சி?" "பர்மா தேக்கு!"... ஜெபம் முடிஞ்சு ஆமென் சொன்ன வாய் இன்னும் காயல, ஐயா!

ஐப்பசி வந்துச்சு. மூணு நாள் அடைமழை. வார்னிஷ் பாம்புச் சட்டை மாதிரி உரியுது. நாலாவது நாள் தேர்தல். பன்னெண்டு மணியோட ஓட்டு முடியும். வீட்டுக்காரி காலையிலயே ஓட்டுப் போட சர்ச்சுக் கோயிலுக்குப் போயாச்சு. நம்ம ஆளு என்ன பண்ணாரு? ஜெயிச்சா பேசுறதுக்கு நன்றியுரை ஒத்திகை! யாரும் கேட்டுரக் கூடாதுன்னு கதவ ஓங்கி அறைஞ்சு சாத்தினாரு.

அப்புறம் இழுக்காரு... வரல. தொங்கிப் பாக்காரு... வரல. கீழ தண்ணி குடிச்சு ஊதின கதவு நெலையோட இறுகிப் போச்சு. ஜன்னல்ல கம்பி. பின்வாசல்? பாக்க ஆளில்லாத இடத்துக்கு வாசல் எதுக்குன்னு வைக்கவே இல்ல!

கூப்பாடு கேட்டு தெருவே கூடிருச்சு. எல்லாரும் ஓட்டுப் போடப் போறவங்க. ஆசாரியும் வந்துட்டாரு. மணி பதினொண்ணே முக்கால்.

ஆசாரி வெளிய நின்னு சத்தமாக் கேட்டாரு: "அண்ணாச்சி, பர்மா தேக்குன்னா உடைக்கக் கூடாது. நெலையத்தான் அறுத்து எடுக்கணும், சாயங்காலம் ஆயிரும். சாதா மரம்னா ஒரே மிதி. என்ன மரம், நீங்களே சொல்லுங்க!"

உள்ள அண்ணாச்சி இன்னொரு தடவ கதவ இழுத்துப் பாக்காரு...

"மணி ஆகுது அண்ணாச்சி!"

"பைன்..."

"கேக்கல!"

"பைன் மரம்தாம்வே! மிதிச்சுத் தொலையும்!"

ஒரே மிதி. அண்ணாச்சி வெளிய வந்தாரு, ஓடிப் போயி ஓட்டும் போட்டாரு. மொத்தம் அவருக்கு விழுந்தது எத்தன? அந்த ஒண்ணுதான்... வீட்டுக்காரி ஓட்டு கூட விழல!

சிரிக்கீங்க... நல்லாச் சிரிங்க. ஆனா ஞாயித்துக்கெழம வெள்ளச் சட்டைய மாட்டிக்கிட்டு இங்க வந்து மினுங்குறோமே, நாம எத்தன கோட்டு அடிச்சிருக்கோம்? வீட்டுல பொஞ்சாதிகிட்ட பேசுற பேச்சு, வேலைக்காரிக்கு வைக்கிற பழைய சோறு... அதுக்கெல்லாம் ஒரு கோட்டாவது உண்டா? ஊரு பாக்குற பக்கத்த ஊருக்காகப் பூசுறோம். மழை அந்தப் பக்கமா மட்டும் வராது, ஐயா. நீங்க பூசாம விட்ட எடத்தத் தேடித்தான் வரும்.