பச்சைப் புள்ளி வைத்த நான்கு பேட்டரிகள்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், சுவரோரமாகச் சாய்த்துப் போட்டால் நிற்கும். எழுதுகிறவர் விளக்குப் பக்கம் உட்காரட்டும், பாவம், கண் வலிக்கும். கேள்வியாகக் கேட்டால் எனக்குத் துண்டு துண்டாகத்தான் வரும். கதையாகச் சொல்கிறேன், முழுசாக வரும்.

டார்ச் வாங்குகிறவர்கள் பேட்டரியைக் கடைசியாகத்தான் நினைக்கிறார்கள். எவ்வளவு தூரம் அடிக்கும் என்று கேட்பார்கள், கையில் தூக்கிப் பார்ப்பார்கள். உள்ளே என்ன போடுகிறோம் என்று கேட்கிறவர் நூறில் ஒருவர்.

இந்தத் தண்ணீர் நிலையத்தில் முப்பத்தொரு வருடமாக ஸ்டோர் என் பொறுப்பு. அது நிலத்துக்குக் கீழே, குழாய்ச் சுரங்கத்தின் வாயிலேயே இருக்கிறது. சுரங்கத்து விளக்குகள் ஈரத்தில் செத்துப்போய் வெகுகாலம். பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. தினமும் பதினோரு மணிக்கு ஒருவர் டார்ச்சோடு போய், இருநூறு அடி தள்ளியிருக்கும் நீர்க்கிணற்றின் விளிம்பில் நின்று, எதிர்ச்சுவரில் உள்ள அளவுப் பலகையைப் படித்துவர வேண்டும். நடந்து போக நடுத்தர வெளிச்சம் போதும். பலகையைப் படிக்கும்போது மட்டும் முழு வெளிச்சம் வைப்பார்கள். இந்த வேலைக்கு நான்கு பேர், முறை போட்டுப் போவார்கள். அதில் ஒருவன் என் தம்பி. சுரங்கத்துக்குள் சீட்டி அடித்துக்கொண்டே நடப்பான். அதனால் அவனுக்குச் சீட்டி என்றே பேர் விழுந்துவிட்டது.

போன வருடம் புது எல்.ஈ.டி. டார்ச்சுகள் வந்தன. முழு வெளிச்சம் வைத்தால் பன்னிரண்டு ஆம்பியர் இழுக்கும் சாமான். கூடவே மேலாளர் வாங்கிய பேட்டரிகள். மேலே போட்டிருக்கிற நம்பர் பெரிசாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கியிருந்தார். அந்த நம்பர் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்றுதான் சொல்லும், எவ்வளவு வேகமாகக் கொடுக்கும் என்று சொல்லாது. அவற்றுக்குள் ஒரு பாதுகாப்புச் சில்லு இருந்தது. ஆறு ஆம்பியருக்கு மேல் இழுத்தால் பட்டென்று மூடிக்கொள்ளும். நடுத்தர வெளிச்சத்தில் நாள் முழுக்க எரியும். முழு வெளிச்சம் வைத்தால் ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் அணைந்துவிடும்.

மேலே போய்ச் சொன்னேன். "சார், தொட்டி பெரிசா இருந்தா போதுமா? குழாய் வாய் அகலமா இருக்க வேணாமா?" தண்ணீரில் வேலை செய்கிற மனிதருக்கு இதைவிட எளிதாக எப்படிச் சொல்வது?

"ஒரு பேட்டரிக்கு இவ்வளவு ஆராய்ச்சியாம்மா? பொண்ணு பாக்கப் போனாக்கூட இவ்வளவு கேக்க மாட்டாங்க" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

நல்ல பேட்டரி கேட்டுத் தாள் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். மறுபடி எழுதினேன். பதினான்கு தாள், கண்ணுகளா. எழுதிய நேரம் முதற்கொண்டு போட்டு எழுதுவது என் பழக்கம். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இதற்கிடையில் வேறொரு பேட்டரிக் கம்பெனி ஆள் ஒருவர் மாதிரிக்கு நான்கு பேட்டரிகள் கொடுத்துவிட்டுப் போனார். நம்பர் சின்னது, ஆனால் பதினைந்து ஆம்பியர் கேட்டாலும் முகம் சுளிக்காமல் கொடுக்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் அந்த நான்கின் அடியிலும் பச்சை மையால் புள்ளி வைத்தேன். உள்ளே போகிறவர்களின் டார்ச்சில் அதையே போட்டுக் கொடுத்தேன். எட்டு மாதம் ஒருவருக்கும் விளக்கு அணையவில்லை.

நான் செய்த தப்பு அதுதான். பதினான்காவது தாளோடு போனபோது மேலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எட்டு மாசமா ஒரு புகார் உண்டா? நீங்க ஒருத்தர்தான் பொலம்புறீங்க."

யாரால் புகார் வரவில்லை? என்னால். நான் காப்பாற்றக் காப்பாற்ற அவர் சொன்னது சரியாகிக்கொண்டே போனது. என் கையே என் வாயை மூடிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு மாதத்தில் எனக்கு ஓய்வு. எனக்குப் பிறகு வருகிறவருக்குப் பச்சைப் புள்ளியைப் பற்றி என்ன தெரியும்? நான்கு பேருடைய உயிர் இது. சுட்டால்தான் தெரியும் என்றால், ஒருமுறை சுட்டுவிட்டுப் போகட்டும் என்று முடிவெடுத்தேன்.

யாருக்கு அணைய வேண்டும் என்று யோசித்தேன். மற்ற மூவரும் வாசலிலேயே முழு வெளிச்சம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். தம்பி பார்க்க மாட்டான். அதோடு, சொந்தத் தம்பிக்கு நடந்தது என்றால் ஸ்டோர்காரி வேண்டுமென்றே செய்தாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தம்பியின் முறை வந்த அன்று காலை அவனிடம் டார்ச்சை நீட்டினேன். "முழுசா வச்சுப் பாத்துட்டுப் போடா" என்றேன். சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"நீ குடுத்தா சரியாத்தான் இருக்கும்க்கா. உன்னைச் சந்தேகப்பட்டா வீட்டுல எனக்குச் சோறு கிடைக்குமா? உன் தம்பி பொண்டாட்டி உன் கட்சி" என்று சிரித்தான்.

சீட்டி அடித்துக்கொண்டே போனான். பச்சைப் புள்ளி வைத்த பேட்டரி என் மேல்சட்டைப் பையில் இருந்தது. கையில் பிடித்திருந்தேன், வெதுவெதுப்பாக இருந்தது.

விளக்கு அணைந்தால் பயந்து, திட்டிக்கொண்டே தடவித் தடவி வெளியே வருவான் என்றுதான் நினைத்தேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கிணற்றின் விளிம்பில் கைப்பிடிக் கம்பி உண்டே என்று கேட்பீர்கள். அந்த வாரம் கம்பி இல்லை. பற்றவைப்பதற்காகக் கழற்றி என் ஸ்டோரில்தான் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மேசைக்கு அடியில் கிடந்தது, உட்காரும்போதெல்லாம் முழங்காலில் இடிக்கும். அன்று காலையிலும் இடித்தது.

சீட்டிச் சத்தம் நின்றது. பிறகு தண்ணீர்ச் சத்தம். பிறகு "அக்கா" என்று ஒருமுறை.

அபாயச் சங்கின் பொத்தான் என் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. மேலாளர் அறை நாற்பத்தாறு படி மேலே. நான் பதினைந்தாவது தாளை எடுத்துக்கொண்டு மேலே போனேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் குறுக்கிட்டால் அவருக்குப் பிடிக்காது, அடுத்த வாரம் என்று சொல்லிவிடுவார். பேசி முடிக்கும்வரை நின்றேன். பிறகு சொன்னேன். "சார், கீழ விளக்கு அணைஞ்சு போச்சு. என் தம்பி உள்ள இருக்கான்." பதறி எழுந்தார். பேனாவை நீட்டி, "முதல்ல இதுல ஒரு கையெழுத்து" என்றேன். படிக்காமல் போட்டார். முப்பத்தொரு வருடத்தில் அவ்வளவு வேகமாக அவர் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. பழக்கதோஷம், பக்கத்தில் நேரத்தைக் குறித்தேன். பதினொன்று இருபத்தெட்டு. சங்கு ஊதியது அதற்குப் பிறகு. அதை வைத்துத்தானே என்னிடம் வந்திருக்கிறீர்கள். கெட்டிக்காரர்கள்.

தம்பிக்கு நீந்தத் தெரியும். பாசி படிந்த சுவரைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் போல இருந்திருப்பான் என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். எனக்கும் மேலே போய் வர அவ்வளவு நேரம்தான் ஆனது. டார்ச் விளிம்பிலேயே கிடந்தது. எடுத்தவர் நடுத்தர வெளிச்சம் வைத்துப் பார்த்தார், நன்றாக எரிந்தது. அதைத்தான் சார் நான் ஒரு வருடமாகச் சொல்கிறேன் என்றேன்.

மூன்றாம் நாள் புதுப் பேட்டரிகள் வந்தன. பதினைந்து ஆம்பியர், எல்லாமே. இப்போது உள்ளே போகிற மூவருக்கும் விளக்கு அணைவதில்லை. தம்பி பெண்டாட்டி என்னோடு பேசுவதில்லை. பாவம், அவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது. தம்பிக்குப் புரியவைத்திருப்பேன், அவன் கேட்டுக்கொள்வான்.

அவ்வளவுதான் கதை. எழுதினதைக் கொடுங்கள், நேரத்தைப் போட்டுக் கையெழுத்து வைக்கிறேன். நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டு விளக்குகள் ஒருநாளும் அணையாமல் எரியட்டும். நீங்கள் கையில் எதைக் கொடுத்தாலும் சோதித்துப் பார்க்காமல் வாங்கிக்கொள்கிற ஒரு பிள்ளை, எனக்கு வாய்த்ததுபோல, உங்கள் வீட்டிலும் இருக்கட்டும்.