பிளாக்கின் அடியில் பதிந்த விரல்

எனது பெயர் சவுரிமுத்து, வயது 76, தந்தை பெயர் ஏசுபாதம். முடிச்சூர் வேதாசலம் நகர் மூன்றாவது குறுக்குத் தெருவில் குடியிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உதவி ஆய்வாளர் எழுதுகிறார்.

அடையாறு பெருகி எங்கள் தெருக்களில் படகு விட்டு ஆட்களை ஏற்றினார்களே, அந்த டிசம்பரில் என் மகன் மெர்வினின் பழைய யமஹா வண்டி நான்கு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. தண்ணீர் வடிந்த பிறகு இன்ஜினைப் பிரித்துச் சேறு கழுவி வீட்டிலேயே பெயிண்ட் அடித்தோம். சூடு தாங்கும் பெயிண்ட் சும்மா காயவிட்டால் நிற்காது, ஓவனில் வைத்துச் சுட வேண்டும். குரோம்பேட்டையில் பேக்கரி வைத்திருக்கும் என் மருமகன் ஸ்டெபின் தன் பழைய ஓவனைக் கொடுத்திருந்தார். இன்ஜினின் சிலிண்டர் பிளாக்குக்கு சில்வர் அடித்து, ஈரம் போகுமுன் நான் அவசரப்பட்டுத் தூக்கியதில் அடிப்பக்கம் என் இடது கட்டைவிரல் பதிந்துவிட்டது. பட்டறையில் வெட்டுப்பட்ட விரல், ரேகைக்குக் குறுக்கே சாய்வாகத் தழும்பு உண்டு. துடைக்கப் போனேன். மெர்வின், "வுடுப்பா, அடியில எவன் குனிஞ்சு பாக்கப் போறான்? உன் கையெழுத்துனு வெச்சுக்கறேன்" என்றான். அப்படியே சுட்டோம். சுட்ட பிறகு அது நகத்தால் சுரண்டினாலும் போகாது.

அதன் பிறகு தவக்காலத்தில் ஒருநாள் என் மகள் ஜீவிதா, புருஷன் ஸ்டெபின் அடித்து உதடு கிழிந்து வீட்டுக்கு வந்தாள். மெர்வின் பேக்கரிக்குப் போய், வாங்க வந்தவர்கள் பார்க்க ஸ்டெபினை அறைந்தான். பாதர் பேசிச் சமாதானம் செய்து வைத்தார்.

அதன் பிறகு குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து காலை பத்தரை மணிக்கு மெர்வின் வண்டி ஓட்ட, நான் இருவர் ஓலையையும் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து திருநீர்மலை ரோட்டில் வந்தோம். ஒரே வண்டியில் வந்த இருவர் எங்களை இடித்துத் தள்ளினார்கள். ஒருவன் கேசவன், ஏரியாவில் எல்லோருக்கும் தெரிந்த ரவுடி. மற்றவன் அவர்கள் வந்த வண்டியைக் கேசவனிடம் விட்டு இறங்கினான், ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கேசவன் முதல் வெட்டைக் கழுத்தில் போட்டான். அடுத்ததற்கு மெர்வின் கையைத் தூக்கினான், விரல்கள் என் பக்கம் வந்து விழுந்தன. மொத்தம் பதினொரு வெட்டு, எண்ணினேன். என் கால் வண்டிக்கு அடியில் மாட்டியிருந்தது. ஹெல்மெட்காரன் வெட்டவில்லை, வாயும் திறக்கவில்லை. என் கால் நோகாதபடி மெர்வினின் யமஹாவைத் தூக்கி நிறுத்தி, அதிலேயே ஏறிப் போனான்.

கேசவன் ஜாமீனில் வந்த நான்காம் நாள் வெட்டுப்பட்டுச் செத்தான். வண்டியும் கிடைக்கவில்லை, ஹெல்மெட்காரனும் கிடைக்கவில்லை. மெர்வினின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஸ்டெபினும் ஒருவர்.

மெர்வின் போய்ப் பத்து வருடம் ஆகிறது, நான் அந்த ஓவனை வைத்தே வீட்டில் இன்ஜின்களுக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். இந்தத் திங்கட்கிழமை சூர்யா என்ற லோடு ஆட்டோக்காரர் தன் பைக்கினது என்று ஒரு யமஹா பிளாக்கைக் கொண்டுவந்தார். "தாத்தா, கருகருன்னு அடிச்சுக் குடு, புது வண்டியெல்லாம் வயிறு எரியணும்" என்றார். அவர் போன பிறகு மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினேன். அடிப்பக்கம் விரல் தெரிந்தது. என் விரலை அதன் மேல் வைத்தேன், தழும்பு தழும்போடு சேர்ந்தது. அவரைத் திரும்பக் கூப்பிட்டு, எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். "வாங்குறதா? பத்து வருஷமா நம்ம வண்டி தாத்தா. வேற எவனும் கைய வெச்சதில்ல" என்றார். அவர்தான் ஹெல்மெட்காரன் என்று முடிவு செய்தேன். நாளை மதியம் வா என்றேன்.

செவ்வாய்க்கிழமை அந்த விரல் உள்ள இடத்தை மட்டும் விட்டுக் கருப்பு அடித்து ஓவனில் வைத்தேன். ஆட்டோ சத்தம் கேட்டதும் கையுறை போட்டு எடுத்துச் செங்கல் மேல் வைத்தேன். ஆறினதும் ஆறாததும் கருப்பில் ஒரே மாதிரி இருக்கும். "எடுத்துப் பாருப்பா" என்றேன். இரண்டு கையாலும் எடுத்தார். கீழே போட்டபோது உள்ளங்கைத் தோல் பிளாக்கோடு போயிற்று. வீல் ஸ்பேனரால் முழங்காலில் மூன்று அடி அடித்தேன், எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. "ஹெல்மெட்ட ஏன்டா கழட்டல?" என்று கேட்டேன்.

"இன்னா ஹெல்மெட்டு தாத்தா... பொய் சொல்லிட்டேன். போன மாசம் குரோம்பேட்டைல பழைய இரும்பு ஏத்துனேன். பேக்கரி பரண்ல சாக்குல கெடந்துச்சு. எடைக்குப் போடாம அமுக்கிகினேன்."

எந்த பேக்கரி என்று கேட்டேன். சொன்னார். ஸ்பேனரைக் கீழே வைத்து, அவர் கையில் தண்ணீர் ஊற்றி, நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அந்தக் கை இனி ஸ்டியரிங் பிடிக்காது என்றார்கள். குற்றம் செய்யாதவன் கையை நான் சுட்டேன், அதற்கான தண்டனையைக் கொடுங்கள்.

பிளாக்கை ஒப்படைத்துவிட்டேன். இதில் வைக்கும் ரேகையோடு ஒத்துப் பார்க்கவும். படித்துக் காட்டியதைக் கேட்டேன், சொன்னபடியே இருக்கிறது, கூட்டிச் சொல்லவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

ஒன்று மட்டும் கடைசியில் எழுதச் சொன்னேன். என் மகனைக் கொன்ற இருவரில் ஒருவன் உயிரோடு இருக்கிறான். என்னை ஜாமீனில் எடுக்க வக்கீலோடு இந்த நிலையத்து வாசலில் நிற்கிறான். பசிக்குமே என்று பன் கொடுத்தனுப்பினான், பொட்டலத்தை நான் பிரிக்கவில்லை. அவன் பெயர் ஸ்டெபின்.

(சவுரிமுத்து, இடது பெருவிரல் ரேகை)