நான்கு மில்லிமீட்டர்

நீங்கள் கொடுத்த பேனா மை கக்குகிறது, விசாரணை அதிகாரி அம்மா. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. நகரமைப்பு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வரைபடம் வரைந்து வயிறு வளர்த்தவன் நான்; பேனா சரியில்லை என்றால் எனக்குச் சாப்பாடு இறங்காது. இந்த வாக்குமூலத்தில் எங்காவது எழுத்து பிசிறடித்திருந்தால் அந்தப் பழி பேனாவைச் சேரும். மற்ற பழி முழுவதும் என்னுடையது. அதைச் சொல்லத்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் வெள்ளக்கோடு என்று ஒன்று உண்டு. ஆறு கடைசியாகப் பெரிதாகப் பொங்கியபோது தண்ணீர் எதுவரை வந்ததோ, அதுவரை வரைபடத்தில் ஒரு நீலக்கோடு. கோட்டுக்கு ஆற்றுப்பக்கம் வீடு கட்டக்கூடாது, ஊர்ப்பக்கம் கட்டலாம். விதி அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை படம் நைந்துபோகும். பழைய படத்தின்மேல் புதுத்தாளை விரித்து நான் அப்படியே நகலெடுப்பேன். நில அளவையர் நேரில் போய்ச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போட்டுவிட்டாரா என்று பார்த்துப் பொறியாளர் போடுவார். பொறியாளரே போட்டுவிட்டாரே என்று இயக்குநர் போடுவார். மூவரும் தங்கமான மனிதர்கள். படத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

நில அளவையருக்கு முழங்கால் வலி வேறு. "உன் கோட்டைச் சரிபார்க்க நான் வெயில்ல போகணுமாய்யா? மிஷின் தப்புப் பண்ணினாலும் நீ பண்ண மாட்டே" என்பார். அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் பாவாது. புகழ்ச்சிக்கு மயங்கும் ஆள்தான் நான், மறுக்கவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன் என் தங்கை கணவர் ஆற்றங்கரைச் சாலையில் ஒரு மனை வாங்கினார். வரைபடக்காரனே மைத்துனனாக இருந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாப்பிள்ளை முறுக்கு. வாங்கியபின் பார்த்தால் மனை முழுக்கக் கோட்டுக்கு அந்தப்பக்கம். கட்டவும் வழியில்லை, விற்கவும் வழியில்லை. தங்கை என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து மூன்று நாள் மூக்கைச் சிந்தினாள்.

"நீ போடுற கோடுதானேண்ணா. கொஞ்சம் நகத்தினா யாருக்குத் தெரியப்போகுது?"

"அது கோடு இல்லம்மா. தண்ணி."

"அந்தத் தண்ணி நான் பொறக்கறதுக்கு முன்னாடி வந்தது. இன்னுமா ஞாபகம் வெச்சுட்டு வரப்போகுது?"

மூன்றாம் நாள் என் மனைவியும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டாள். அன்று முதல் எனக்கு வைக்கும் சாப்பாட்டில் மட்டும் உப்பு இல்லை. மறதிதான் என்று இன்றுவரை நம்புகிறேன். ஆனால் உப்புக்காக நான் மசியவில்லை. என் தங்கை அழுதால் எனக்குத் தாங்காது, அம்மா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அந்த வருடம் படம் புதிதாக வரைய வேண்டிய வருடம். படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் ஐந்து மீட்டர். கோட்டை நான்கு மில்லிமீட்டர் ஆற்றுப்பக்கம் தள்ளினால் தங்கையின் மனை கரையேறிவிடும். பென்சிலால் தள்ளிப் பார்த்தேன். சகிக்கவில்லை. ஒழுங்காக ஓடிவந்த கோடு அந்த ஓரிடத்தில் மட்டும் தொப்பை போட்டு நின்றது. இப்படியொரு கோட்டை நான் பிறவியில் போட்டதில்லை. அழித்துவிட்டு, மேலே பாலத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு வந்து, கீழே பம்பு அறையில் பழைய கோட்டோடு சேர்த்தேன். இப்போது பார்க்க லட்சணமாக இருந்தது. வழியில் இன்னும் முப்பது மனைகள் இந்தப்பக்கம் வந்துவிட்டன. அவை யாருடையவை என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று எழுத ஆசைதான். கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்; நான் கேட்கவில்லை.

மூன்று கையெழுத்தும் ஒரே வாரத்தில் விழுந்தன. அன்று மாலையே தங்கை வீட்டுக்குப் போனேன்.

"வீடு மட்டும் கட்டிடாதே. வித்துடு."

"அனுமதிதான் கிடைக்கப்போகுதே, இப்பப் போய் ஏன்ணா விக்கணும்?"

"வித்துடுன்னா வித்துடு. உனக்குப் புள்ளைங்க இருக்கு."

அவள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த வாரமே மனை விலைக்கு வந்தது.

வாங்கியவர் ஒரு தையல்காரர். பத்திரம் பதிவதற்கு முன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார், கழுத்தில் அளவு நாடாவோடு.

"சார், அந்தப் பக்கம் தண்ணி வரும்னு ஊர்ல ஒரு பேச்சு இருக்கே. நிசமா?"

வீடு கட்டாதே என்று தங்கையிடம் சொன்ன அதே வார்த்தையை அவரிடமும் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என் கோடு தப்பு என்று ஆகிவிடும். நான் படத்தை அவர் பக்கம் திருப்பினேன். "கோடு எங்க இருக்குன்னு நீங்களே பாருங்க" என்றேன்.

அவர் குனிந்து, கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "நானும் கோடு போட்டு வெட்டுறவன்தான் சார். போட்டவர் கை சுத்தமான கை. இதை நம்பலாம்."

ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரனைப் பாராட்டுவது சாதாரண விஷயமில்லை. அதிலிருந்து சட்டை தைக்க அவரிடம்தான் போனேன். நான் இப்போது போட்டிருப்பதும் அவர் தைத்ததுதான். தோள் எவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

போன மாதம் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள் மத்தியானம் ஆறு உள்ளே வந்தது. முப்பத்தோரு வீடுகளில் பதினான்கு பேர் செத்தார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். தண்ணீர் வடிந்ததும் நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். சேறு நின்ற இடம் என் பழைய படத்துக் கோட்டோடு ஒரு சாண் வித்தியாசத்தில் பொருந்தியது. அந்த நிமிடம் மகிழ்ச்சியாக இருந்தது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு தையல்காரர் வீட்டுக்குள் போனேன். மாமியார் படுத்த படுக்கை. அவரை விட்டுவிட்டு வர மனைவிக்கு மனமில்லை. மேல்தெருக்காரர்கள் வந்து கட்டிலோடு தூக்கிப்போகிறோம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். "நம்ம வீடு கோட்டுக்கு இந்தப் பக்கம்யா, தண்ணி இதோ நின்னுடும்" என்று இவர் திருப்பி அனுப்பிவிட்டாராம். சுவரில், துணியில் குறி போடும் கட்டியால் தண்ணீர் ஏற ஏறக் கோடு போட்டு வைத்திருந்தார், நின்றுவிட்டதா என்று பார்க்க. மெழுகு கலந்த கட்டி, கரையவில்லை. மொத்தம் ஆறு கோடுகள். கணுக்கால் உயரத்தில் முதல் கோடு. ஐந்து கோடுகள் நூல் பிடித்ததுபோல் இருந்தன. மார்பு உயரத்தில் இருந்த ஆறாவது மட்டும் சாய்ந்திருந்தது.

நில அளவையரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். பாவம், அவர் வீட்டில் உலை கொதிப்பதில்லை என்று கேள்வி. அவருக்காகத்தான் வந்தேன் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் உங்கள் இடைக்கால அறிக்கையை நான் படித்தேன். "கவனக்குறைவால் ஏற்பட்ட பிழை" என்று போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது.

தண்ணீர் வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே கோட்டைத் தள்ளினேன். என் தங்கையை வெளியே இழுத்துக்கொண்டு, தையல்காரரை உள்ளே அனுப்பினேன். என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன், மேல்முறையீடு செய்யமாட்டேன். அந்தக் கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள், அம்மா. பாலத்திலிருந்து பம்பு அறைவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் இழுத்த கோடு அது. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில்கூட என் கை நடுங்கவில்லை.