பாட்டுப்பொட்டி பாடமாட்டேங்குது

அட, சாவி எங்க ஓடிடப்போகுது தம்பி? பாட்டுப்பொட்டியும் ஓடாது. ஓடலைன்னுதானே உங்களக் கூட்டியாந்திருக்காரு. மொதல்ல அந்த ஸ்க்ரூட்ரைவரக் கீழ வச்சுட்டுக் கையக் கழுவுங்க. தாம்பிக்கோ டவுனுலேர்ந்து அந்த ஆரஞ்சு லாரியில குலுங்கிக்கிட்டு வந்திருக்கீங்க, அதுவும் நிக்கானோர் பக்கத்துல உக்காந்துக்கிட்டு. வழி பூரா ஒரு வார்த்த பேசியிருப்பாரா மனுசன்?

என்னது? மழை வரும் போல இருக்குன்னு சொன்னாரா? யம்மாடி, அப்ப உங்கள ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

சாப்பிடுங்க. இது சகாவில். நேத்தே மண்ணடுப்புல வச்சு மூடுனது, மாவு, பன்னிக்கறி, காஞ்ச மொளகா, எல்லாம் வாழை எலைக்குள்ள. காரமா இருந்தா சொல்லுங்க, காப்பி ஊத்துறேன். அவரு வர நேரமாகும், ஷெட்டுல ஆரஞ்ச எறக்கிட்டுத்தான் வருவாரு. அதுக்குள்ள பொட்டிய முடிச்சிரணுமா? முடிச்சுக்கலாம், முடிச்சுக்கலாம். தாம்பிக்கோக்காரங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம்.

உங்ககிட்ட என்னன்னு சொல்லிக் கூட்டியாந்தாரு? பொட்டி பாடமாட்டேங்குது, அவ்வளவுதானா? எந்தப் பாட்டுன்னு சொல்லலையா? சொல்லமாட்டாரு. நான் சொல்றேன். அக்கரைக்காரின்னு ஒரு பாட்டு, எங்க பக்கத்துப் பாட்டு. யாரு கட்டுனதுன்னு கேக்காதீங்க, ஊருக்கு ஒருத்தன் எங்க தாத்தாதான்னு மாரத் தட்டுவான். கல்யாணம், கருமாதி, மேரியம்மா திருநாள், எதுன்னாலும் ஆடுறதுக்குப் பலகைய அடிச்சுப் போட்டு, வயலின எடுத்துட்டா, அந்தப் பாட்டு இல்லாம முடியாது.

தெரியுமா உங்களுக்கு? அதான, தெரியாதவன் யாரு. ஆத்துல வெள்ளம் ஏறுது. அவன் இக்கரையில நிக்கிறான். அவ அக்கரையில துணி தொவைக்கிறா. அவன் கேக்குறான், தண்ணி இடுப்பளவு வந்தாச்சு, இப்பச் சொல்லு, வரவா, வேணாமான்னு. அந்த வேணாமாங்கற எடத்துல தொண்டையக் கீச்சுன்னு மேல ஏத்தணும். ஏத்தத் தெரியாதவன எங்க ஊருல கல்யாணத்துக்கே கூப்பிட மாட்டாங்க.

நம்ம பொட்டியில என்ன ரெக்கார்டுத் தட்டு இருக்குன்னு பாத்தீங்களா? கண்ணாடி வழியாப் பாருங்க, தொறக்கவேணாம். சோத்துத் தட்டவிட இந்தத் தட்டுதான் இந்தக் கடையில ஜாஸ்தி. பாதிக்கு மேல அந்த ஒரே பாட்டு. ஆமா தம்பி, ஒரே பாட்டு, வேற வேற ஆளுங்க பாடுனது. எல்லாம் நிக்கானோர் வாங்கியாந்தது. லோடு எறக்கப் போற ஊருல எல்லாம் தேடித்தேடி வாங்கிட்டு வருவாரு. பொட்டிய வாடகைக்கு வச்சவன்கிட்ட என்ன சொன்னாரோ, அவனும் போட்டுட்டுப் போயிடுவான்.

மேல இருக்கு பாருங்க, அது மரியாச்சிக்காரங்க பாடுனது. ஒரு பட்டாளமே தொப்பியப் போட்டுக்கிட்டு ட்ரம்பெட்ட ஊதுறாங்க. ஏங்க, ஆத்தங்கரையில துணி தொவைக்கிறவகிட்ட ரகசியமா ஒரு விஷயம் கேக்கணும்னா ஊர்வலமாவா போவான்? அதுக்குப் பேரு ஊதல். அடுத்தது தலைநகரத்துல யாரோ ஒரு சீமாட்டி பாடுனது. மூக்க உறிஞ்சுறதுகூட ரெக்கார்டுல கேக்கும். அதுக்கு அழுவாச்சின்னு பேரு வச்சிருக்கோம். வடக்கத்தியானுங்க அக்கார்டியன் வச்சுப் பாடுனது ஒண்ணு. அது என்னா ஓட்டம்! அவ வாயத் தொறக்குறதுக்குள்ள இவன் ஆத்துல எறங்கி, ஏறி, பஸ்ஸப் பிடிச்சு வீட்டுக்கே போயிருப்பான். ஜப்பான்காரங்க மூணு பேரு பாடுனது ஒண்ணு இருக்கு தம்பி, சத்தியமா. வார்த்தைய ஒவ்வொண்ணாத் தொடச்சு அடுக்குன மாதிரி, நம்ம ஆளுங்களவிட சுத்தமாப் பாடுறாங்க. ஒரு சோடா கம்பெனிக்காரன் விளம்பரத்துக்குப் போட்டது வேற. அதுல அவன் ஆத்தத் தாண்டுறது அவளுக்காக இல்ல, சோடாவுக்காக.

சிரிக்காதீங்க, பொரையேறும்.

ஆனா ஒண்ணு கவனிச்சேன் தம்பி. எத்தன பேரு பாடட்டும், எல்லாத்துலயும் அவன் கேக்குறதோட சரி. வரவா வேணாமான்னு கேட்டுட்டு, அவ பதில் சொல்றதுக்கு ஒரு மூச்சு விடுறானா? இல்ல. உடனே வயலின் வந்துடும். சின்னப் புள்ளையிலயே எனக்கு இது உறுத்தும். அவ என்னதாம்மா சொன்னான்னு எங்கம்மாவப் பிச்சு எடுப்பேன். பேசாம மாவப் பெசையுடின்னு ஒரு குட்டு வைப்பாங்க.

இன்னொரு துண்டு வைக்கவா? வெக்கப்படாதீங்க. உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? ஆயிடுச்சா. நீங்க எப்படிக் கேட்டீங்க? அட, அவங்கதான் கேட்டாங்களா? என்னன்னு? நாளைக்கும் இதே சட்டையப் போட்டுட்டு வந்தா வேற ஆளப் பாத்துக்குவேன்னா? நல்ல பொம்பள. அவங்களுக்கு ஒரு பொட்டலம் கட்டித்தரேன்.

என்னைய ஒருத்தர் கேட்டாரு. பாட்டாவே கேட்டாரு. எவோதியோன்னு பேரு, என் வீட்டுக்காரர். இந்தப் பக்கத்துல அவரு மாதிரி அக்கரைக்காரி பாட இன்னொருத்தன் பொறக்கல. எங்க ஜன்னலுக்குக் கீழ வந்து நின்னு அந்த வேணாமாவ மேல ஏத்துனாரு பாருங்க, எங்கப்பாவே எந்திரிச்சுப் போய்க் கதவத் தொறந்துட்டாரு. நான் சரின்னுட்டேன். யாருதான் சொல்லமாட்டா?

கட்டிக்கிட்டப்புறம்தான் தெரிஞ்சுது, அந்தப் பாட்ட விட்டா அவருகிட்ட வேற ஒண்ணும் இல்லைன்னு. கெட்டவரு இல்ல தம்பி, அடிச்சதில்ல, வைஞ்சதில்ல. எனக்குக் காய்ச்சல்னா பாடுவாரு. புள்ள பொறந்தா பாடுவாரு. எங்கம்மா செத்தப்ப நான் அழுதுக்கிட்டு உக்காந்திருக்கேன், பக்கத்துல வந்து உக்காந்து கிதார எடுக்குறாரு. எர்மெலிந்தா, உனக்கு என்ன செய்யுதுன்னு ஒரு வார்த்த கேட்டதில்ல. ஊரு பூரா என்னையப் பாத்து, குடுத்து வச்சவடின்னு பொறாமப்பட்டுச்சு. நானும் ஆமாக்கா, ஆமாக்கான்னு தலையாட்டிக்கிட்டே இருந்தேன்.

அவரும் ஒரு தட்டு பாடியிருக்காரு. அதோ, கீழ் வரிசையில ஓரத்துல, லேபிள் மங்கிப் போயிருக்கே, அதான். அதுக்கப்புறம் நெஞ்சுவலி வந்து போய்ச் சேந்துட்டாரு. ரொம்ப வருசம் ஆச்சு. அதெல்லாம் வேணாம் தம்பி, வருத்தப்படாதீங்க, எலைய நல்லா வழிச்சுச் சாப்பிடுங்க.

நிக்கானோர் வர ஆரம்பிச்சது பின்னாடிதான். ஞாயித்துக்கெழம ஆனா லாரி வந்து நிக்கும். தொப்பியக் கழட்டுவாரு, ஒரு சகாவில், ஒரு காப்பி. பொட்டியில காசப் போடுவாரு. ஒரு பாட்டு. காப்பியவே பாத்துக்கிட்டு இருப்பாரு, காப்பிக்குள்ள யாரோ பாடுற மாதிரி. கெளம்பிடுவாரு. மொதல்ல நான் கண்டுக்கல. அப்புறம் பாத்தா, எந்த ஆளு பாடுனதப் போடுறாரோ, அதுல ஒரு சேதி இருக்கு. டயரு வெடிச்சு, ராத்தூக்கமில்லாம வந்தா அழுவாச்சி. நல்ல வெலைக்கு லோடு போயிருந்தா ஊதல். என் மக வயித்துப் பேத்தி பொறந்த வாரம் உள்ள வந்தாரு, அக்கார்டியனப் போட்டுவிட்டு, வாழ்நாள்ல மொத தடவையா மேசையில வெரலால தாளம் போட்டாரு!

நான் சும்மா இருப்பேனா? ஏப்ரன்லேர்ந்து ஒரு காசு எடுத்துப் போட்டு, ஜப்பான்காரங்கள விட்டேன். அவரு காது செவந்துபோச்சு. அப்படியே பழகிடுச்சு. அவரு ஒண்ணு போடுவாரு, நான் ஒண்ணு போடுவேன். கடைக்கு வர்றவங்களுக்கு இது சினிமாவாட்டம் ஆயிடுச்சு. கறிக்கடை காஸ்துலோ இருக்கானே, வாசப்படி ஏறுறப்பவே, என்ன எர்மெலிந்தாக்கா, இன்னிக்கு ஊதலா அழுவாச்சியாம்பான். உன் வேலையப் பாருடா எருமன்னு வெரட்டுவேன். பக்கத்து ரொட்டிக்கடை பஞ்சிதா வெரட்டுனாலும் போகமாட்டா, நாற்காலியப் போட்டுக்கிட்டே உக்காந்துடுவா.

ஆனா ஒரு தட்ட மட்டும் அவரு தொட்டதில்ல. எவோதியோ பாடுனத. நானும் தொட்டதில்ல.

ஒருநாள் வெளியூர்க்காரன் எவனோ, சாப்பிட்டுட்டுப் போற வழியில, தெரியாம அந்தப் பொத்தான அமுக்கிட்டான். கையில கரண்டியோட அப்படியே நின்னுட்டேன் தம்பி. பஞ்சிதா என் மூஞ்சியப் பாக்குறா, காஸ்துலோ தரையப் பாக்குறான். நிக்கானோர் எந்திரிச்சாரு. போய் நிறுத்தப்போறாருன்னு நெனச்சேன். நிறுத்தல. தொப்பியக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டு, பாட்டு முடியற வரைக்கும் நின்னாரு. முடிஞ்சதும் என்னையப் பாத்து, காப்பியப் பாக்கல, என்னையப் பாத்து, நல்லாப் பாடியிருக்காரு, அதக் கேக்குறது உங்களுக்குத்தான் கஷ்டமா இருந்திருக்கும்னாரு.

அவ்வளவுதான். அத்தன வருசத்துல எனக்கு ஒருத்தர் சொன்ன பெரிய பேச்சு அதான். அடுப்படிக்குப் போயி வெங்காயத்த எடுத்து வச்சுக்கிட்டேன், கண்ணுக்கு ஒரு காரணம் வேணுமில்ல?

ம்? அப்புறமா? அப்புறம் ஒண்ணுமில்ல! அடுத்த வாரம் வந்தாரு, காசப் போட்டாரு, ஊதலப் போட்டாரு, காப்பியப் பாத்தாரு. அந்த ஒரு நாளு சன்னல் தொறந்து மூடுன மாதிரி. நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். பொறுத்துக்கிட்டே இருந்திருப்பேன், இந்தப் பஞ்சிதா வந்து சொல்லாம இருந்தா. ஆரஞ்சு சீசன் முடிஞ்சதும் லாரிய வித்துட்டு, வடக்க எங்கயோ இருக்குற ரெய்னோசாவுல தங்கச்சி வீட்டோட போயிடப்போறாராம். அந்த ஞாயித்துக்கெழம வந்தாரு. அழுவாச்சியப் போட்டாரு. முடிஞ்சுது. மறுபடியும் அழுவாச்சி. மறுபடியும் அழுவாச்சி. காஸ்துலோ எந்திரிச்சு, ஐயா சாமி, கறி தொண்டையில எறங்கமாட்டேங்குதுன்னான். அப்பவும் வாயத் தொறந்து, எர்மெலிந்தா, நான் போறேன்னு ஒரு வார்த்த இல்ல. அந்தச் சீமாட்டி மூக்க உறிஞ்சுனா நான் புரிஞ்சுக்கணுமாம்.

அதுக்கடுத்த வாரம் பொட்டி பாடல.

பாத்திருக்கணும் நீங்க. காசப் போட்டாரு, பொத்தான அமுக்குனாரு. வெளக்கில்ல. தட்டுனாரு. காத வச்சுக் கேட்டாரு. பின்னாடி போயிப் பாத்தாரு. கடையில எல்லாரும் சாப்பிடுறத நிறுத்திட்டாங்க. வேற வழியே இல்ல, என் பக்கம் திரும்புனாரு. வாயத் தொறந்தாரு. பஞ்சிதா நாற்காலிய முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டா. தோன்யா எர்மெலிந்தான்னு மரியாதையாக் கூப்பிட்டாரு. சொல்லுங்கன்னேன். மழை வரும் போல இருக்குன்னாரு.

சிரிங்க, சிரிங்க. அன்னிக்கு எனக்குச் சிரிப்பு வரல.

இதுல பாருங்க, அந்த மனுசன் என்ன செஞ்சிருக்காரு, என்கிட்ட வந்து நாலு வார்த்த பேசுறதவிட, தாம்பிக்கோ வரைக்கும் போயி ஒரு மெக்கானிக்கத் தேடிப் பிடிச்சு, லாரியில ஏத்திக் கூட்டியாறது சுலபம்னு நெனச்சிருக்காரு.

நானே கேட்டுடலாமேங்குறீங்களா? உங்க வீட்டம்மா கேட்ட மாதிரி? கேக்கலாம். என் வாய்க்கு அது ஒரு கஷ்டமா? ஆனா நான் கேட்டா அவரு தலையாட்டுவாரு. சந்தோசமாத்தான் ஆட்டுவாரு, தெரியும். அப்புறம் சாகுற வரைக்கும் நான் பேசிக்கிட்டே இருக்கணும், அவரு தட்டு போட்டுக்கிட்டே இருப்பாரு. ஒரு தடவ பாட்டக் கேட்டுச் சரின்னு சொல்லி, ஒரு குடித்தனம் பூரா நடத்திப் பாத்தாச்சு தம்பி. இந்தத் தடவ ஆளு கேக்கணும். கொரல் கரகரன்னு இருக்கட்டும், திக்கட்டும், பரவால்ல. அவரு வாயிலேர்ந்து வரணும்.

இருங்க... லாரி சத்தம். அவருதான், அந்த பிரேக்கு ஒண்ணுதான் இப்படிக் கத்தும்.

சரி, வெரசாச் சொல்றேன். இந்தாங்க சாவி. பின்பக்கம் தொறந்தீங்கன்னா ஒரு கோளாறும் இருக்காது, ஒரே ஒரு ஃபியூஸுதான் இருக்காது. அது இங்க இருக்கு, என் ஏப்ரன் பையில, பாருங்க. நான்தான் பிடுங்கிவச்சேன்.

அப்படி முழிக்காதீங்க. உங்ககிட்ட இருக்குற ஃபியூஸ வெளிய எடுக்காதீங்க. அவரு உள்ள வந்ததும் தலையச் சொறிங்க, உதட்டப் பிதுக்குங்க, மோட்டாரு எரிஞ்சுபோச்சு, சாமானே இப்ப வர்றதில்லன்னு ஒரு வார்த்த. கூலி அவருகிட்ட வாங்காதீங்க, நான் தரேன், பொட்டலம் ரெண்டாக் கட்டித்தரேன். பொய் சொல்றது பாவம்தான், ஞாயித்துக்கெழம பாவமன்னிப்பு கேக்குறப்ப என் பேரச் சொல்லிடுங்க, சாமியாருக்கு என்னையத் தெரியும்.

சிரிக்காதீங்கன்னு சொல்றேன்ல! மூஞ்சியச் சாவு வீட்டு மூஞ்சியா வச்சுக்குங்க. ம், அப்படித்தான்.

வாங்க தோன் நிக்கானோர். எறக்கியாச்சா? பாவம், இந்தத் தம்பி வந்ததுலேர்ந்து தலைகீழா நின்னு பாத்துட்டாரு. மோட்டாரே போச்சாம். இனிமே பாடவே பாடாதாம். இல்லையா தம்பி? பாருங்க, அவரே சொல்றாரு.

இல்ல, அங்க இல்ல. இங்க வாங்க, அடுப்புப் பக்கமா, என் எதிர்ல உக்காருங்க. தொப்பிய மேசையில வைங்க.

ம். சொல்லுங்க.